பழைய மெஷினுக்குப் பாகம் உண்டு

பனி கரைந்து கராஜ் கதவுகள் திறக்கத் தொடங்கியதும் ஒன்ராறியோவின் ஸ்ரௌவ்விலில் ஒரு வகை விளம்பரம் பெருகிவிடும். "10 அங்குல மேசை வாள். அப்பா பாவித்தது. ஓடும். கொஞ்சம் சத்தம் உண்டு. வந்து ஏற்றிக்கொண்டு போகவும்." கூடவே ஒரு படம் இருக்கும். தூசி படிந்த வார்ப்பிரும்பு மேசை, அதன்மேல் பெயின்ற் வாளிகள், பின்னால் பனி தள்ளும் மெஷின். கேட்கும் விலை, புதிதாகக் கடையில் வாங்கும் ஒரு பிளாஸ்டிக் உடல் வாளின் விலையில் பாதிகூட வராது.

விற்பவர்கள் பெரும்பாலும் பெரிய வீட்டைவிட்டுச் சிறிய வீட்டுக்குப் போகும் முதியவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். வாங்க நினைப்பவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். மார்க்கத்திலும் ஸ்ரௌவ்விலிலும் வீடு எடுத்து, பேஸ்மென்றை முடிக்க விலை கேட்டு, அந்த விலையைக் கேட்டதும் தாங்களே செய்வதென்று முடிவெடுத்தவர்கள். ஊரில் தச்சுவேலை தெரிந்தவர்களும் அவர்களுக்குள் உண்டு. மரத்தைத் தொட்டால் என்ன மரமென்று சொல்லும் கை இங்கே தொழிற்சாலைப் பட்டியொன்றின் முன்னால் எட்டு மணிநேரம் நிற்கிறது. அந்தக் கைக்கு ஒரு நல்ல வாள் கிடைப்பது சின்ன விடயம் இல்லை.

ஆனால் விளம்பரத்தைப் பார்த்த உடனே ஒரு கேள்வி வந்து மறிக்கும். பழுதானால் பாகம் எங்கே எடுப்பது? பலர் அந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். பழையதுக்குப் பாகம் கிடைக்காது, புதியதென்றால் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. மரவேலை மெஷின்களைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு பெரும்பாலும் தலைகீழ். 60 வயதான கனத்த வார்ப்பிரும்பு வாளை மறுபடி ஓடவைப்பது, 10 வயதான இலேசான பிளாஸ்டிக் வாளை ஓடவைப்பதைவிட இலகு. ஏன் அப்படி, எதைப் பார்த்து வாங்குவது, எங்கே தேடுவது, எந்தப் பாகம் இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிட வேண்டும் என்பதையெல்லாம் தெரிந்துவைத்திருந்தால் பயம் போய்விடும்.

மரம் அறுத்துப் பிறந்த ஊர்

ஸ்ரௌவ்வில் என்ற ஊரே ஒரு மரம் அறுக்கும் ஆலையைச் சுற்றி வளர்ந்தது. பென்சில்வேனியாவிலிருந்து 1804இல் வந்த ஏபிரகாம் ஸ்ரௌஃபர் என்ற மெனனைற் சமயத்தவர் டஃபின்ஸ் ஓடைக்கரையில் நிலம் எடுத்தார். 1820களில் அங்கே தானியம் அரைக்கும் ஆலையும் மரம் அறுக்கும் ஆலையும் எழுந்தன. 1871இல் ரொறன்ரோ நிப்பிசிங் ரயில் பாதை வந்தபோது அதில் ஏறிப் போனவற்றில் விறகும் பலகையும் முக்கியமானவை. இன்றைக்கு யூனியன் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் ஸ்ரௌவ்வில் ரயில் அந்தப் பழைய பாதையில்தான் ஓடுகிறது.

முன்பு இருந்த ஸ்ரௌவ்வில் சந்தையைப் பழைய ஆட்கள் இன்னமும் சொல்லிச் சொல்லிக் கவலைப்படுவார்கள். கால்நடை ஏலத்தில் தொடங்கி, பின்னாளில் வார இறுதிச் சந்தையாக வளர்ந்த இடம் அது. 2013இல் மூடப்பட்டது. அப்படியொரு இடம் இல்லாமல் போனால், பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி "இதுதான் நான் தேடினது" என்று எடுக்கும் சந்தர்ப்பமும் போய்விடுகிறது. நம்மவர்களுக்குப் பழக்கமான கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வாகனப் பாகம் தேடுவது அப்படித்தான். உடைந்ததைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் போதும். பெயர் தெரியத் தேவையில்லை. இங்கே அந்த வசதி இல்லை. இங்கே எண் தெரிய வேண்டும்.

நான்கு எண்ணில் ஒரு திறப்பு

மெஷின் வாங்கப் போனால் முதலில் மின்சார வயரைக் கழற்றிவிட்டு, வாள் தகட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று உராய்ந்தாலோ, தகட்டைப் பிடித்து ஆட்டும்போது தண்டு ஆடினாலோ பெயாரிங் போய்விட்டது. விளம்பரத்தில் வரும் "கொஞ்சம் சத்தம்" அனேகமாக இதுதான். விற்பவர் இதைப் பெரிய வருத்தமாகப் பார்க்கிறார். வாங்குபவருக்கு இது விலை குறைப்பதற்கான நல்ல காரணம், அவ்வளவுதான்.

பெயாரிங்கைக் கழற்றித் துடைத்தால் அதன் ஓரத்தில் ஒரு எண் பொறித்திருக்கும். உதாரணத்துக்கு 6203. இந்த எண் எந்தக் கம்பனியின் சொந்த எண்ணும் இல்லை. உலகம் முழுவதற்கும் பொதுவானது. முன்னால் உள்ள 62 அதன் உருவ வரிசையைச் சொல்கிறது. பின்னால் உள்ள 03 உள்துளை 17 மில்லிமீற்றர் என்று சொல்கிறது. 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 தொடக்கம் ஐந்தால் பெருக்கினால் சரி. 04 என்றால் 20, 05 என்றால் 25. ஆக 6203 எந்த நாட்டில் வாங்கினாலும் உள்துளை 17, வெளிவிட்டம் 40, தடிப்பு 12 மில்லிமீற்றர்தான். எண் அழிந்துபோயிருந்தால் வேணியர் அளவியால் இந்த மூன்றையும் அளந்தாலே எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து மூடியைக் குறிக்கும். இரண்டு பக்கமும் தகர மூடியா, றப்பர் மூடியா என்பது அதில் தெரியும். மரத்தூள் பறக்கும் இடத்துக்கு றப்பர் மூடிதான் நல்லது.

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் பெயாரிங்கும் பட்டியும் மட்டும் விற்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே போய் மெஷினின் பெயரைச் சொன்னால் கடைக்காரர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். எண்ணைச் சொன்னால் பின்னால் போய் எடுத்துவந்து மேசையில் வைப்பார். அதே பெயாரிங் மெஷின் கம்பனியின் பெட்டிக்குள், கம்பனியின் பாக எண்ணோடு வந்தால் விலை பல மடங்கு. உள்ளே இருக்கும் உருண்டை ஒன்றுதான்.

பட்டியும் அப்படியே. பழைய வாள்களிலும் துளைக்கும் மெஷின்களிலும் மோட்டரிலிருந்து சுழற்சியைக் கொண்டுபோவது அரை அங்குல அகலமுள்ள வி வடிவப் பட்டி. அதன் முதுகில் எழுதியிருக்கும் எண் நீளத்தைச் சொல்லும். 4எல்450 என்றால் அரை அங்குல அகலம், 45 அங்குல நீளம். வாகனப் பாகக் கடையிலும் கிடைக்கும். கனடாவில் இதற்கு இன்னொரு தொல்லை உண்டு. குளிர்காலம் முழுக்கச் சூடில்லாத கராஜில் அசையாமல் நிற்கும் பட்டி வளைந்த வடிவத்திலேயே இறுகிவிடும். வசந்தத்தில் போட்டால் மெஷின் முழுக்க அதிரும். தண்டு வளைந்துவிட்டதோ, மோட்டர் போய்விட்டதோ என்று வாங்கியவர் பதறுவார். கண்ணி கண்ணியாகக் கோத்த பட்டி ஒன்று விற்கிறார்கள். வேண்டிய நீளத்துக்குக் கழற்றிக் கோத்துக்கொள்ளலாம். அதைப் போட்டதும் அடங்கிப்போகும் அதிர்வு கொஞ்சநஞ்சமில்லை.

பழைய மெஷினின் பலம் இதில்தான் இருக்கிறது. அதில் தேயும் பாகமெல்லாம் பொதுச் சாமான். பெயாரிங், பட்டி, கப்பி, சுவிச், கப்பாசிற்றர், மோட்டர் என்று எல்லாமே தனித்தனியாகக் கழன்று வரும். மோட்டரின் கால் அளவு கூட ஒரு பொது நியமத்துக்கு உட்பட்டது. வட அமெரிக்காவில் 56 என்ற சட்டக எண் உள்ள மோட்டர் எதுவானாலும் தண்டு 5/8 அங்குலம், அடியிலிருந்து தண்டின் மையம் மூன்றரை அங்குலம். பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டலாம். தேயாத பாகம் வார்ப்பிரும்பு. அது கீழே விழுந்து உடையாதவரை இன்னும் இரண்டு தலைமுறைக்குப் போகும்.

இன்றைய மலிவான வாளைத் திறந்து பாருங்கள். மோட்டரின் உடலும் வாளின் தண்டும் பல்லுச் சக்கரமும் ஒரே வார்ப்புக்குள் அடைபட்டிருக்கும். பல்லுச் சக்கரம் தேய்ந்தால் அதே தொழிற்சாலையின் அதே சக்கரம்தான் வேண்டும். அந்த மாதிரி மூன்று வருடத்தில் நிறுத்தப்பட்டுவிட்டால் கதை முடிந்தது. புதிது என்ற காரணத்துக்காகப் பாகம் கிடைக்குமென்று யாரும் நம்ப வேண்டாம்.

பெயர்ப்பலகைக்குப் பின்னால்

பொதுச் சாமான் அல்லாத பாகங்கள் என்று சில உண்டு. வாளைச் சாய்க்கும் பிறை வடிவ வார்ப்பு, உயர்த்தித் தாழ்த்தும் திருகு, மேசையில் வாளைச் சுற்றிப் பதியும் தகடு, பலகையை நேராக ஓட்டும் சட்டம், காப்பு மூடி. இவற்றுக்கு மெஷினின் குலம் கோத்திரம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்ராறியோவில் பழைய மெஷின் வாங்குபவர் மூன்று நான்கு பரம்பரைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது குவெல்ப். ஸ்ரௌவ்விலிலிருந்து ஒரு மணிநேரத்துச் சொச்ச ஓட்டத்தில் இருக்கும் அந்த நகரில் கலண்டர் வார்ப்பாலை பீவர் என்ற பெயரில் மரவேலை மெஷின்களைச் செய்தது. வாள், கடைச்சல் மெஷின், பட்டைவாள், சீவும் மெஷின் எல்லாம் வந்தன. 1950களில் அது அமெரிக்காவின் றொக்வெல் கைக்குப் போனது. ஆகவே பீவர் என்றும், றொக்வெல் பீவர் என்றும், வெறும் றொக்வெல் என்றும், பின்னால் டெல்டா என்றும் நான்கு பெயர்ப்பலகைகள் உள்ள மெஷின்கள் ஒரே ஊரின் பிள்ளைகளாக இருக்கலாம். பீவரின் பாகம் தேடுபவர் றொக்வெல் பட்டியலையும் பார்க்க வேண்டும். இந்த வட்டாரத்தின் கராஜ்களில் இன்னும் பீவர்கள் கிடைக்கின்றன. எங்கள் மாகாணத்து இரும்பில் எங்கள் மாகாணத்துத் தொழிலாளர் வார்த்த மெஷின் ஒரு சின்ன வார்ப்புத் துண்டு இல்லாமல் பழைய இரும்புக்குப் போவதைப் பார்க்க மனம் பொறுக்குதில்லை.

டெல்டாவின் கதை நீளமானது. மில்வாக்கியில் ஹேர்பேர்ட் ரவுட்ஸ் 1919இல் தொடங்கியது. 1945இல் றொக்வெல் வாங்கியது. 1981இல் பென்ரெயர், 2004இல் பிளாக் அண்ட் டெக்கர். அது 2010இல் ஸ்ரான்லியோடு இணைந்தது. அடுத்த வருடம் டெல்டாவைத் தாய்வானின் சாங் ரைப் நிறுவனத்துக்கு விற்றார்கள். இத்தனை கை மாறும்போது அலுமாரிகளில் இருந்த பழைய பாகங்கள் சிதறிப்போயின. பட்டியலில் பாக எண் இருக்கும், பக்கத்தில் "இனிக் கிடையாது" என்று இருக்கும். ஆனால் டெல்டாவின் 14 அங்குலப் பட்டைவாளுக்கு மட்டும் ஒரு பாக்கியம். அதை அப்படியே பார்த்துத் தாய்வானில் பல தொழிற்சாலைகள் செய்தன; கனடாவிலும் வெவ்வேறு நிறங்களில், வெவ்வேறு பெயர்களில் விற்றார்கள். அதனால் சக்கரத்தின் றப்பர் வளையம், இழுவைச் சுருள், வழிகாட்டிக் கட்டை போன்றவை ஒன்றுக்கு எடுத்தது இன்னொன்றுக்கு அனேகமாகப் பொருந்தும். வாள் பட்டியின் நீளம் பெரும்பாலானவற்றுக்கும் தொண்ணூற்று மூன்றரை அங்குலம். பட்டைவாள் முதன்முதலாக வாங்குபவருக்கு நான் இந்த வடிவத்தைத்தான் சொல்வேன்.

கியூபெக்கின் டிரம்மண்ட்வில்லில் 1946இல் தொடங்கிய ஜெனரல் கனடாவின் பெருமை. அவர்களுடைய 350 என்ற மேசை வாள் வட அமெரிக்கத் தச்சர்கள் மதித்த மெஷின். ஒன்று கவனிக்க வேண்டும்: ஜெனரல் என்று மட்டும் எழுதியிருந்தால் டிரம்மண்ட்வில் இரும்பு; ஜெனரல் இன்ரநஷனல் என்றிருந்தால் ஆசியாவில் செய்து கொண்டுவந்தது. இரண்டுக்கும் பாகம் வேறு. டிரம்மண்ட்வில்லில் செய்வது நின்றுவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய வாளின் பெயாரிங்கும் பட்டியும் தொழிற்பேட்டைக் கடையில் கிடைப்பவைதான்.

நம் பேஸ்மென்றுகளில் அதிகம் காணப்படுவது சியர்ஸ் விற்ற கிராஃப்ற்ஸ்மன். சியர்ஸ் எதையும் தானாகச் செய்யவில்லை. பிறரிடம் செய்வித்துத் தன் பெயரைப் போட்டது. யார் செய்தது என்பது மாதிரி எண்ணின் முன் மூன்று இலக்கங்களில் இருக்கிறது. 113 என்றால் எமர்சன் எலெக்ரிக். 103 என்றால் கிங் சீலி. 101 என்றால் அற்லஸ். சியர்ஸ் கனடாவின் கடைசிக் கடைகள் 2018 ஜனவரியில் மூடப்பட்டன. கடை போனாலும் 113இன் பொருள் போகவில்லை. இலட்சக்கணக்கில் விற்ற மெஷின் என்பதால் உடைத்துப் பாகமாக விற்பவர்களிடம் கிராஃப்ற்ஸ்மன் பாகம் நிறைய உண்டு. தேடும்போது "சியர்ஸ் வாள்" என்று தேடினால் ஒன்றும் வராது. முழு மாதிரி எண்ணைப் புள்ளியோடு எழுதித் தேட வேண்டும்.

கனேடியன் ரயரின் மாஸ்ரர்கிராஃப்ற்றும் இப்படி வேறு தொழிற்சாலைகள் செய்து கொடுப்பதுதான். அதில் யார் செய்தது என்று கண்டுபிடிக்க ஒத்த உருவமுள்ள வேறு மெஷின்களோடு படத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி.

பாகங்களைப் பிரித்து வரைந்த பழைய படங்களும் கையேடுகளும் விண்டேஜ் மெஷினரி என்ற அமெரிக்க இணைய ஆவணகத்தில் இலவசமாக இருக்கின்றன. ஆர்வலர்கள் தங்கள் கையிலிருந்த கையேடுகளைப் படமெடுத்துச் சேர்த்தவை. எந்த வாசர் எந்தப் பக்கம் போகும் என்று அதில் பார்த்துவிட்டு மெஷினைக் கழற்றுங்கள். பெரும் உபகாரம் அது.

மோட்டரின் தட்டில் இருக்கும் சரித்திரம்

ஒன்ராறியோவில் பழைய மெஷின் வாங்குபவர் மோட்டரில் இருக்கும் சின்னத் தட்டைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். அதற்கு இந்த மாகாணத்துக்கே உரிய இரண்டு காரணங்கள் உண்டு.

நயாகரா மின்சாரம் தென் ஒன்ராறியோவுக்கு வந்த காலத்தில் அது 25 சைக்கிளில் வந்தது. இப்போது வட அமெரிக்கா எங்கும் 60. மாகாணத்தின் மின்சபை 1949இல் தொடங்கி 1959 வரை வீடு வீடாக, ஆலை ஆலையாகப் போய் 25ஐ 60 ஆக்கியது. அந்தப் பத்து வருடத்தில் தப்பி, ஏதோ ஒரு பண்ணைக் கொட்டிலின் மூலையில் கிடந்த மோட்டர்கள் இன்றைக்கும் வெளியே வருகின்றன. தட்டில் சைக்கிள் என்ற இடத்தில் 25 என்றும், வேகம் 1,425 என்றும் இருந்தால் அது அந்தக் காலத்துப் பிள்ளை. அதை இன்றைய மின்சாரத்தில் கொழுவினால் இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் சுற்றப் பார்க்கும். அந்த வேகத்துக்குக் கப்பியும் போடவில்லை, வாளும் போடவில்லை. அந்த மோட்டரை வேறாகக் கழற்றிவைத்துவிட்டுப் புதியது ஒன்றைப் பூட்டுங்கள்.

மற்றது 575 வோல்ற். கனடாவின் ஆலைகளிலும் பெரிய பள்ளிக்கூடப் பட்டறைகளிலும் மூன்று முனை மின்சாரம் 600 வோல்ற் அளவில் வரும். அந்த இடங்களிலிருந்து ஏலத்தில் வரும் ஜெனரல் வாள்கள் அழகாக இருக்கும், விலையும் மலிவு. மலிவுக்குக் காரணம் மோட்டர் தட்டில் இருக்கிறது: 550 அல்லது 575, மூன்று முனை. நம் வீடுகளுக்கு வருவது 120, 240 வோல்ற் ஒரு முனை மின்சாரம். 208 தொடக்கம் 230 வோல்ற் வரையான மூன்று முனை மோட்டரென்றால், முனையை மாற்றித்தரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியொன்றைப் பூட்டி வீட்டு மின்சாரத்தில் ஓட்டலாம். 575 என்றால் மோட்டரையே மாற்றுவதுதான் நடைமுறை. நல்ல மூன்று குதிரை வலு மோட்டரின் விலை மெஷினின் விலையைத் தாண்டிவிடும். அதையும் கூட்டிப் பார்த்து விலைக்குக் கட்டினால் வாங்குங்கள். 240 வோல்ற் இணைப்பு இழுப்பதை உரிமம் உள்ள மின்சாரக்காரரிடம் விடுங்கள். ஒன்ராறியோவில் அதற்கு மின்சாரப் பாதுகாப்பு அதிகார சபையின் அனுமதி வேண்டும்.

கையில் பிடிக்கும் மெஷின்களின் மோட்டர் வேறு இனம். வட்ட வாள், ரவுட்டர், தேய்க்கும் மெஷின், இலேசான மேசை வாள் எல்லாவற்றிலும் கார்பன் தேய்ந்துகொண்டே போகும். ஓடும்போது நின்று நின்று ஓடினாலோ, காற்றுத் துளையில் நீலப் பொறி பெரிதாகத் தெரிந்தாலோ கார்பனைப் பாருங்கள். சில டொலர் சாமான். அதே அளவு கிடைக்காவிட்டால் சற்றுப் பெரியதை வாங்கி மண் கடதாசியில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரலாம். ஊரில் எல்லாரும் செய்ததுதான். கார்பன் மாற்றியும் பொறி வட்டமாகச் சுற்றினால் ஆமெச்சர் எரிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் கம்பி சுற்றித் தருவார்கள். இங்கே சுற்றும் கூலிக்கு இன்னொரு மெஷின் வாங்கலாம். ஆகவே கை மெஷினில் ஆமெச்சர் போனால் அதைப் பாகத்துக்கென்று வைத்துக்கொண்டு அதே மாதிரியில் இன்னொன்று தேடுவது புத்தி. மக்கிட்டாவின் கனடாத் தலைமையகம் ஸ்ரௌவ்விலுக்குக் கிழக்கே விற்பியில் இருக்கிறது. பழைய மக்கிட்டாக்களுக்குப் பாக எண் பார்த்துச் சொல்லும் திருத்தகங்களும் இந்த வட்டாரத்தில் உண்டு.

ரவுட்டர் வாங்கும்போது மட்டும் மோட்டரைவிட முக்கியமாக ஒன்றைப் பாருங்கள். வெட்டும் அலகைக் கவ்விப் பிடிக்கும் பிளந்த வளையம், கொலற் என்பார்கள். அது அந்தந்த மாதிரிக்கு மட்டும் பொருந்துவது. தேய்ந்திருந்தால் நிமிடத்துக்கு இருபதினாயிரம் தடவைக்கு மேல் சுற்றும் அலகு கழன்று பறக்கும். புதிய கொலற் கிடைக்காத ரவுட்டரை யாரும் இனாமாகத் தந்தாலும் வேண்டாம்.

காப்பு மூடி எங்கே?

பழைய மேசை வாள் விளம்பரங்களில் பத்துக்கு ஒன்பது படத்தில் காப்பு மூடி இராது. முதல் சொந்தக்காரர் இடைஞ்சலென்று கழற்றி எங்கோ வைத்திருப்பார். கேளுங்கள். பேஸ்மென்றின் மேல்தட்டில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். மூடியும், அறுபட்ட பலகை வாளை நெரிக்காமல் பின்னால் பிளந்து பிடிக்கும் தகடும்தான் அந்த மெஷினில் மாற்றீடு கிடைக்க மிகக் கடினமான பாகங்கள். விரல்களைக் காப்பவையும் அவைதான். மூல மூடி இல்லையென்றால் இப்போது தனியாக விற்கும், மேலிருந்து தொங்கும் மூடிகளையும், தகட்டில் பதிக்கும் பிளப்புத் தகடுகளையும் போடலாம். அந்தச் செலவை விலையோடு சேர்த்துப் பாருங்கள். விரலை இழந்த தச்சர்களை நம் எல்லாருக்கும் தெரியும். ஊரில் மரக்காலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை.

கிராஃப்ற்ஸ்மன் பெயரில் வந்த, கையை நீட்டி இழுக்கும் வாள்களுக்கு ஒரு முக்கியமான செய்தி உண்டு. எமர்சன் 1958 தொடக்கம் 1992 வரை செய்த சுமார் 37 இலட்சம் வாள்களை, காப்பு மூடி போதாதென்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் கம்பனியும் 2000 நவம்பரில் திரும்ப அழைத்தன. மாதிரி எண் 113இல் தொடங்கும் 8¼, 9, 10 அங்குல வாள்கள் அவை. பலவற்றுக்குப் புதிய மூடி இலவசமாகக் கொடுத்தார்கள். மூடி செய்ய முடியாதவற்றுக்கு மோட்டர்ப் பகுதியைத் திருப்பி அனுப்பினால் 100 டொலர் கொடுத்தார்கள். இன்றைக்கும் இந்த வாள்கள் விற்பனைக்கு வருகின்றன. புதிய மூடி பூட்டியிருந்தால் பேரம் பேசலாம். பழைய மூடியோடு இருந்தால் விட்டுவிடுங்கள்.

இல்லாத பாகத்தைச் செய்தவர்கள்

1990இல் போர் மறுபடி தொடங்கிப் பொருளாதாரத் தடை இறுகியபோது யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை, பற்றரி வரவில்லை, உதிரிப்பாகம் வரவில்லை. சோமசெற் என்றும் கேம்பிரிஜ் என்றும் நாம் அழைத்த ஒஸ்ரின் கார்களும், மொறிஸ் மைனர்களும் அப்போதே நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்தவை. சில துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். தேய்ந்த புஷ்ஷுக்குப் பித்தளைக் கட்டை தேடிக் கடைச்சல் பட்டறையில் புதியது கடைந்தார்கள். அந்தப் பட்டறைக்காரர்களிடம் பாக எண் கேட்டால் சிரித்திருப்பார்கள். பழையதைக் கொண்டு வா, அளந்து செய்து தருகிறேன் என்பதுதான் அவர்கள் பேச்சு.

அந்தத் தலைமுறையின் ஆட்கள் ரொறன்ரோவில் இருக்கிறார்கள். இயந்திரக் கடைகளில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் பலர். பழைய மெஷினைத் தூக்கிவந்த இளைஞருக்கு அவர்களிடம் போவதற்குக் கூச்சம். அவர்களுக்கோ யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்றிருக்கும். உயர்த்தும் திருகின் மரை தேய்ந்துபோனால், கைப்பிடிச் சக்கரத்தின் துளை பெருத்துப்போனால் செய்ய வேண்டிய வேலை அவர்களுக்கு ஒரு மத்தியானம். வெடித்த வார்ப்பிரும்பைப் பித்தளை உருக்கி ஒட்டுவது எல்லாராலும் முடியாது. தவறாகச் சூடேற்றினால் வெடிப்பு நீளும். அதையும் தெரிந்த கை உண்டு. பிளாஸ்டிக் குமிழ், தூள் குழாய் இணைப்பு போன்றவற்றை முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். ரொறன்ரோ பொது நூலகத்தில் அந்த அச்சு மெஷின்கள் உண்டு. பேரப்பிள்ளை படம் வரைய, தாத்தா அளவு சொல்லி ஒரு மேசை வாளின் குமிழைச் செய்து முடித்தால் அந்த வீட்டில் அன்றைக்குக் கைமாறியது குமிழ் மட்டுமாக இராது.

சுழலும் பாகத்தை மட்டும் பிளாஸ்டிக் அச்சில் எடுக்க வேண்டாம். வாளை இறுக்கும் நட், வாசர், கப்பி மூன்றும் உலோகத்திலேயே இருக்க வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது

1958இல் வார்த்த வாளுக்குப் பாகம் செய்யுமாறு எந்தச் சட்டமும் யாரையும் கேட்க முடியாது. இன்று வாங்கும் வாளுக்குக் கேட்கலாம். ஒன்ராறியோ சட்டமன்றத்தில் மைக்கேல் கோட்டோ கொண்டுவந்த, மின்னணுச் சாதனங்களைத் திருத்தும் உரிமைக்கான தனிநபர் சட்டமூலம் 2019இல் தோற்றது. கியூபெக் 2023இல் வேறு வழியில் போனது. திட்டமிட்டுப் பொருளைச் சாகவைப்பதற்கு எதிரான சட்டத்தை நிறைவேற்றியது. பராமரிப்புத் தேவைப்படும் பொருளை விற்றால் நியாயமான காலத்துக்கு உதிரிப்பாகமும் திருத்தும் தகவலும் கிடைக்க வேண்டும். முடியாதென்றால் வாங்குமுன்னமே அதைத் தெரியப்படுத்த வேண்டும். இந்தப் பகுதி 2025 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசு 2024 நவம்பரில் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பழுது பார்ப்பதற்காக மென்பொருள் பூட்டைத் திறப்பதைக் குற்றமில்லாமல் ஆக்கியது. பற்றரியில் ஓடும் இன்றைய மெஷின்களுக்குள் மின்னணுச் சில்லு இருப்பதால் தச்சருக்கும் அது தேவைப்படும் நாள் வரும்.

ஒன்ராறியோ கியூபெக்கைப் பார்த்தாவது செய்ய வேண்டும். ஒரே கடையில், ஒரே மெஷினை, ஒற்றாவா ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்பு இந்தப் பக்கம் வாங்குபவருக்கு ஏன் இல்லை? இதைத் தேர்தல் காலத்தில் வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் தமிழ் வாக்காளர் கேட்கலாம். மார்க்கத்திலும் ஸ்காபரோவிலும் ஸ்ரௌவ்விலிலும் அவர்கள் நம் வாசலுக்கு வரத்தான் செய்கிறார்கள்.

சட்டத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடிய ஒன்று நம் கையில் இருக்கிறது. உங்கள் மெஷின் மீட்க முடியாமல் செத்துவிட்டால் அதை முழுதாகப் பழைய இரும்புக்குக் கொடுக்காதீர்கள். காப்பு மூடி, பலகை ஓட்டும் சட்டம், மேசைத் தகடு, சாய்க்கும் வார்ப்பு, கைச்சக்கரங்கள், சுவிச்சுப் பெட்டி, தண்டின் நட் ஆகியவற்றைக் கழற்றுங்கள். நட் சில மெஷின்களில் இடப்புரியாக இருக்கும், வலிந்து திருப்பி உடைக்க வேண்டாம். ஒரு பெட்டியில் போட்டு, மாதிரி எண்ணுள்ள தட்டைப் படமெடுத்து, "பாகங்கள் மட்டும்" என்று விளம்பரம் போடுங்கள். ஹபிற்றாற் மறுவிற்பனைக் கடைக்கும் கொடுக்கலாம். தேடுபவர் ஒரு பெயரைத் தட்டச்சு செய்து நூறு தேவையற்ற பதில்களைப் பார்க்காமல், எண்ணைத் தட்டியதும் உங்கள் பெட்டி அவர் கண்ணில் படும்.